உபயம்: கொம்பையா

ஒரு காட்டில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி இருந்தது. தாயை இழந்தவை, தகப்பன் போன திசை தெரியாதவை, மந்தை ஓடியபோது பின்தங்கிப் போனவை என்று நாற்பது குட்டிகள் அங்கே உண்டு, உறங்கி, எழுத்துக் கற்றன. அவற்றைக் கட்டி மேய்த்தவர் மங்கையர்க்கரசி என்னும் மிளா மான். தலைமை ஆசிரியையும் அவர்தான், விடுதிக் காப்பாளரும் அவர்தான். சமையலுக்கு ஆள் வராத நாளில் அடுப்பு ஊதுவதும் அவர்தான்.

மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பள்ளி வாசலில் உள்ள புங்கமரத்தடியில் மேலும் பதினோரு குட்டிகள் வந்து உட்கார்ந்திருந்தன. அவற்றுக்காகவே ஒரு புதுக் கட்டடம் எழுந்து நின்றது. அதன் ஒவ்வோர் ஓட்டிலும் ஒரு கொடையாளர் பெயர் இருந்தது. டீச்சர் காடெல்லாம் அலைந்து, பல்லைக் காட்டிக் காட்டி வாங்கிய ஓடுகள் அவை.

கட்டடத்தைப் பார்வையிட நாரை அதிகாரி வந்தார். ஒற்றைக் காலில் நின்று படிவத்தைப் புரட்டினார்.

"கழிப்பறை எத்தனை இருக்கு?"

"ஒண்ணு இருக்குங்க ஐயா."

"ஒம்பது இருக்கணும். மழைக்குள்ள இன்னும் எட்டு கட்டிடுங்க. இல்லேன்னா மரத்தடியில இருக்கிற பதினோரு பேரையும் வந்த வழியே அனுப்பிட வேண்டியதுதான்."

வந்த வழியில்தான் சிறுத்தை இருந்தது.

அந்தக் காட்டில் பெரிய மனசுக்காரர்கள் என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவர் தேன் வியாபாரம் செய்யும் கரடி, தேனப்பன். மற்றவர் புல்வெளிக் குத்தகைதாரரான காட்டெருமை, கொம்பையா. குளத்துச் சங்கத் தலைவர் தேர்தலில் இருவரும் மோதியதிலிருந்து ஒருவர் நிழல் மற்றவருக்கு ஆகாது.

டீச்சர் முதலில் தேனப்பனிடம் போனார். பள்ளிக்கு மின்விசிறிகள் கொடுத்த புண்ணியவான் அவர். ஒவ்வொரு விசிறியின் மூன்று இறக்கையிலும் 'உபயம்: தேனப்பன்' என்று எழுதியிருக்கும். விசிறி சுற்றினால் பெயர் தெரியாது என்பதால், அவர் பள்ளிக்கு வரும்போதெல்லாம் விசிறியை நிறுத்திவிட வேண்டும். குட்டிகள் வேர்த்து வழிய அண்ணாந்து அவர் பெயரை வாசிக்கும்.

விஷயத்தைக் கேட்டதும் கரடியார் முகத்தைச் சுளித்தார். "டீச்சர், கழிப்பறையில என் பேரை எழுதினா நல்லாவா இருக்கும்? 'தேனப்பனுக்குப் போயிட்டு வரேன்'னு பிள்ளைங்க சொல்லுமே."

"பேர் போடாம குடுங்களேன் ஐயா."

"பேர் போடலேன்னா நான் குடுத்ததுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாட்டி என்னங்க?"

"தெரியாட்டி எதுக்குக் குடுக்கணும்?" என்றார் கரடியார். அவர் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். கிண்டலெல்லாம் இல்லை.

கொம்பையா இன்னும் தாராளம். கழிப்பறை என்ற சொல்லைக் கேட்டதும் செருமிவிட்டு, "அதை வேற யாராவது பார்த்துக்குவாங்க, நான் உங்களுக்கு இரும்பு பீரோ ஒண்ணு அனுப்புறேன்" என்றார். "கதவுல என் பேரைப் பெருசா கொத்திடணும். அதுல மட்டும் குறை வெச்சிடாதீங்க."

பள்ளியில் ஏற்கெனவே மூன்று பீரோ இருந்தது. அவற்றில் வைக்கத்தான் ஒன்றும் இல்லை. டீச்சர் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் பீரோ வந்து இறங்கியது. இடமில்லாததால் அதைப் பின்பக்கம், இருந்த ஒரே கழிப்பறையை ஒட்டி நிறுத்தினார்கள். பெயர் கொத்த மாடசாமி என்ற மரங்கொத்தி வந்தார். இரும்பில் ஒரு கொத்துக் கொத்தினார், அலகு விண்ணென்றது. அக்கம்பக்கம் பார்த்தார். பக்கத்திலேயே நல்ல வேங்கை மரக் கதவு ஒன்று இருந்தது. கதவில் கொத்தத்தானே சொன்னார்கள், எந்தக் கதவு என்றா சொன்னார்கள்? ஒரு மணி நேரத்தில் அழகான எழுத்தில் 'உபயம்: கொம்பையா' என்று கழிப்பறைக் கதவில் கொத்திவிட்டு, கூலியும் வாங்கிக்கொண்டு பறந்துவிட்டார்.

டீச்சர் வந்து பார்த்தார். பீரோ போனால் போகட்டும், கொம்பையாவின் பகை வந்தால் புல்லும் போகும். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆனால் அவருக்கு முன்னால், தன் விசிறிகளைப் பார்க்க வந்த தேனப்பன் அங்கே நின்றிருந்தார்.

கரடியார் கதவை வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னும் எத்தனை வேணும்னு சொன்னீங்க?"

"எட்டு."

"எட்டும் நான் கட்டித் தரேன். எட்டுக் கதவுலயும் அவர் பேரைக் கொத்துங்க. ஆனா ஒண்ணு டீச்சர், நான் குடுத்தேன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது."

டீச்சர் நேர்மையானவர். பொய் சொன்ன குட்டியை வெயிலில் நிறுத்துகிறவர். இது சரியில்லை என்று அவர் மனசு சொன்னது. அப்போது புங்கமரத்தடியில் ஒரு முயல்குட்டி இருமியது. டீச்சர் பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டார். அதற்காக அவர் பிறகும் வெட்கப்படவில்லை.

எட்டும் எழுந்து நின்றதும், செய்தி கொம்பையா காதுக்குப் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. மண்ணைக் கிளறிக்கொண்டு வந்தார்.

"யார் குடுத்தது இதை?"

"பேர் சொல்லக் கூடாதுன்னுட்டாருங்க."

"கதவுல தேன் பிசுபிசுக்குது, பேர் வேற சொல்லணுமா?" என்றார் கொம்பையா.

"அழிச்சிடவாங்க ஐயா?" என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

கொம்பையா கொம்பை ஆட்டினார். "அழிச்சா நான் பயந்துட்டேன்னு ஆயிடும். பெண் குட்டிங்க பக்கம் எத்தனை இருக்கு?"

"அங்க ஒண்ணுமே இல்லைங்க."

"எட்டு கட்டுறேன். உள்ளே டைல்ஸ், வாசல்ல கை கழுவக் குழாய். எல்லாத்துலயும் தேனப்பன் பேர். நான் குடுத்ததுன்னு வெளியே தெரிஞ்சா அப்புறம் பாருங்க."

மழை வருவதற்கு நான்கு நாள் முன்பே பதினாறும் முடிந்துவிட்டன. நாரை அதிகாரி வந்து, விதிக்கு மேல் இருப்பதைக் கண்டு, அதற்கென்று படிவம் இல்லாததால் சிறிது நேரம் திகைத்து, பிறகு முத்திரை குத்தினார். பதினோரு குட்டிகளும் உள்ளே வந்து பாய் விரித்தன. டீச்சர் ஒவ்வொன்றாக எண்ணினார். சந்தேகமாக இருந்தது போல மறுபடி எண்ணினார். சந்தேகம் ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான்.

திறப்பு விழாவில் தேனப்பனும் கொம்பையாவும் மேடையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நன்றி சொல்ல ஒரு மான்குட்டி மேடையேறியது.

"தேனப்பன் ஐயாவுக்கும் கொம்பையா ஐயாவுக்கும் நன்றி. தினமும் காலையில எழுந்ததும் நாங்க முதல்ல உங்ககிட்டதான் ஓடி வரோம்."

கரடியார் காதில் கொம்பையா பெயர் மட்டும் விழுந்தது. காட்டெருமையார் காதில் தேனப்பன் பெயர் மட்டும் விழுந்தது. இருவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

நீதி: தன் பெயருக்குக் கிள்ளிக் கொடுப்பவர், பிடிக்காதவர் பெயருக்கு அள்ளிக் கொடுப்பார். ஆகவே நல்ல காரியத்துக்கு நன்கொடை கேட்கப் போகுமுன், ஊரில் யாருக்கு யாரோடு ஆகாது என்று விசாரித்துக்கொண்டு போகவும்.