குழாய் திருத்த வந்தவனும் ஜேர்மன் படமும்

மெல்பேண்
19.8.1974

அன்புத் தங்கச்சி யோகராணிக்கு,

நான் சுகம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். "அண்ணை வெள்ளைக்காரியோடை படத்துக்குப் போறாராம்" என்று இங்கே இருக்கும் நம்மூர்ச் சிறிதரன் தன் தாய்க்கு எழுத, அது உன் காதுக்கு வந்து, நீ மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தாய். முதலில் சாப்பிடு. நடந்தது இவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு எல்ஃப்ரீடா ஜேர்மன்காரி, வயது ஐம்பத்திரண்டு, தையல் வேலை. உன் மச்சாள் கடைசியாகப் படுக்கையில் கிடந்த நாலு மாதமும் தினம் சூப் வைத்துக் கொண்டுவந்தவ. போன ஞாயிறு மத்தியானம் தங்கள் சங்க மண்டபத்தில் போர் முடிந்த காலத்துக் காதல் படம் ஒன்று போடுகிறார்கள், வாருங்கள் என்றா. மறுத்தால் மரியாதையில்லை என்று கோட்டும் மாட்டிக்கொண்டு போனேன். இருநூறு ஜேர்மன்காரருக்கு நடுவில் நான் ஒருவன். படத்தில் ஆங்கில எழுத்தும் இல்லை. எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொல் இரண்டு, அதில் ஒன்று கடையில் பாண் கேட்கிற சொல்.

குண்டு விழுந்த ஊரில் தனியாக இருக்கும் ஒருத்தி, அவளுக்கு ஒரு நல்ல வாத்தியார். இரண்டு பேருக்கும் கலியாணம் பேசியாகிவிட்டது. அப்போது கதவு தட்டப்படுகிறது. தாடி, கிழிந்த சப்பாத்து, கையில் பை. முதல் காட்சியிலிருந்தே அவள் குசினிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததால், "அப்பாடா, குழாய் திருத்த ஆள் வந்திட்டான்" என்று எல்ஃப்ரீடாவின் காதில் சொன்னேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மகேந்திரராஜா, அது அவளின்ரை புருஷன். ரஷியச் சிறையிலை இருந்து வந்திருக்கிறான்" என்றா, மெதுவாக.

அவள் புது மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் கால் கழுவ வெந்நீர் போட்டாள். மண்டபமே அழுதது. நான் மட்டும் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போன வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மனுசன் பிறகு என்ன செய்யிறான்?" என்று கேட்டேன்.

"படம் அதைச் சொல்லேல்லை" என்றா.

ட்ராமில் வரும்போது சொன்னா: அவவின் புருஷன் நாற்பத்து மூன்றாம் ஆண்டில் ரஷியப் போர்முனைக்குப் போனவராம். செத்தார் என்று இன்றுவரை ஒரு கடதாசி வரவில்லை. வீடு மாறும் ஒவ்வொரு முறையும் புது விலாசத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதுவாவாம். என் மனுசியின் செத்தவீட்டில் அழாத நான் ட்ராமில் அழுதேன். நடத்துனர் டிக்கட் கேட்காமலே போய்விட்டார்.

ஆகவே, நீ பயப்படும்படி ஒன்றுமில்லை. மச்சானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
மகேந்திரராஜா

பி.கு.: இதை மச்சானுக்கு வாசித்துக் காட்டாதே. இவ்வளவுதான் என்று எழுதியது பொய். போன மாதம் நான்தான் எல்ஃப்ரீடாவிடம் கலியாணம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றா. பதில் சொல்லத்தான் என்னை அந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் எனக்கு அது விளங்கியது.