பாலத்தில் வரிசையில் நின்ற படை

ஹடர்ஸ்ஃபீல்டு,
12 அக்டோபர் 1998, திங்கள்.

மதிப்பிற்குரிய அக்கா வினிஃப்ரெட் அவர்களுக்கு,

தம்பி டெஸ்மண்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். மழையும் சுகம், ஒன்பது நாளாக நிற்கவில்லை. விட்பியில் தங்கள் முழங்கால் வலி குறைந்து, ரெஜ் அத்தானின் இருமல் அடங்கி, தங்கள் விடுதிக் கூரையில் குடித்தனம் நடத்தும் கடற்பறவைகள் வேறு கூரை பார்த்துப் போயிருக்கும் என்று நம்புகிறேன். தாங்கள் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறைகள் கிடைத்தன. ஒன்று கணுக்கால் வரைக்கும், மற்றது முழங்கால் வரைக்கும் வருகிறது. இரண்டும் கதகதப்பாகவே உள்ளன.

கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில், வான்கோழி சாட்சியாக நான் செய்த சத்தியம் தங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருக்க வழியில்லை, அதற்கப்புறம் தாங்கள் எழுதிய எல்லாக் கடிதத்திலும் அது இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆடுகிற போர் விளையாட்டை, டிவியோடு மாட்டி ஆடும் பெட்டிக்கு மாற்றித் தருகிற இந்த வேலையை லண்டன் கம்பெனி மூணு தடவை 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பினால், கடையைச் சாத்திவிட்டு விட்பிக்கு வந்து உன் விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கு முட்டை பொரிக்கிறேன் என்று சொன்னேன். நாப்பத்தாறு வயசுல தம்பி இன்னும் பொம்மை வச்சு விளையாடுறான்னு நீ கசாப்புக்கடையில சொன்னதும் என் காதுக்கு வந்துச்சு. பரண் அறைக் கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு, ஆணியில ஒரு ஏப்ரனையும் மாட்டி வச்சிருக்கேன்னு அத்தான் போன்ல சொன்னார். ஆக, நீ முடிவே பண்ணிட்டே. போன வியாழக்கிழமை லண்டன்காரங்களும் முடிவு பண்ணிட்டாங்க. என்ன முடிவுன்னு கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே அக்கா, வரிசையாப் படி.

விளையாட்டு பேரு 'இரும்புக்கரை'. மேலேருந்து பார்த்துக்கிட்டே ரெண்டு படை சண்டை போடணும். சதுரங்கம் மாதிரி நீ ஒண்ணு, நான் ஒண்ணுன்னு காத்திருக்கிற கதை கிடையாது, நீ யோசிக்கும்போதே எதிரி வந்து அடிப்பான். கம்ப்யூட்டர்ல ஆடினா கையில மவுஸ் இருக்கு. நாப்பது சிப்பாயைச் சுத்தி ஒரு கட்டம் போட்டு, போற இடத்தைத் தட்டினா போதும், கிளம்பிடுவாங்க. டிவி பெட்டிக்கு மவுஸும் கிடையாது, கீபோர்டும் கிடையாது, ரெண்டு கையால பிடிக்கிற கண்ட்ரோலர் மட்டும்தான். கட்டைவிரலால அம்புக்குறியை நகர்த்தணும். எங்களுக்கு இடம் வாடகைக்கு விட்டிருக்கிற ஹோய்லோட கார்ப்பெட் கடை மாடியில நாங்க மூணு பேர்: நான், புரோகிராம் எழுதுற நெவில், படம் வரைஞ்சு, போனையும் எடுத்து, எங்க ரெண்டு பேரையும் மேய்க்கிற மோரீன். ஜனவரியில முதல் தடவை அனுப்பினோம். அம்புக்குறி திரையோட இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் போய்ச் சேர்றதுக்குள்ள எதிரி வந்து பாசறையைக் கொளுத்திட்டுப் போயிட்டான். லண்டன்லேருந்து பிலிப்பாங்கிற அம்மா, 'என் பாசறை எரிவதைப் பார்க்க மட்டும் இந்த விளையாட்டு நன்றாக இருக்கிறது' என்று எழுதித் திருப்பி அனுப்பிச்சாங்க. அதைச் சரி பண்ணி மார்ச்சுல அனுப்பினோம். இந்தத் தடவை எழுத்துத் தகராறு. எங்க அறை உனக்குத் தெரியுமே, டிவிக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு முழம்தான். எங்களுக்கு எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. பிலிப்பா வீட்டுக்குக் கொண்டுபோய் சோபாவுல சாஞ்சு பார்த்தா, ஒரு எழுத்துகூடத் தெரியலையாம். பதினோரு தடவை எழுந்து டிவிகிட்ட போனாங்களாம், பன்னெண்டாவது தடவை எழுந்து சமையலறைக்குப் போயிட்டாங்களாம். 'ஏம்ப்பா, ஜனங்க வீட்டுல சோபாவுல உக்காந்துதானே டிவி பாக்கும்? நம்ம மூணு மண்டைக்கும் இது உறைக்கலையே!'ன்னு மோரீன் தலையில அடிச்சுக்கிட்டா. உடனே ஒரு பழைய சோபாவைப் பிடிச்சு மாடிக்கு ஏத்தினோம். படிக்கட்டு வளைவுல அது மாட்டிக்கிச்சு. நெவில் மேல் பக்கம் நின்னுட்டான், அவன் மத்தியானம் சாப்பிட வச்சிருந்த பன்றிக்கறி அப்பம் கீழ் பக்கம் இருந்துச்சு. அரை நாள் அவன் அதைப் பார்த்துக்கிட்டே நின்னான். சோபா உள்ளே வந்ததும் நாற்காலிக்கு இடமில்லாமப் போச்சு. இப்ப மூணு பேரும் அதுலதான் உக்காந்து வேலை பார்க்கிறோம்.

ரெண்டு தடவை போச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஈஸ்டருக்கு நீ வந்தே. அந்த சோபாவுல உக்காந்து, கண்ட்ரோலரைத் தலைகீழாப் பிடிச்சு, நான் ஒவ்வொரு சிப்பாயா அம்புக்குறியைக் கொண்டுபோய்ப் பிடிக்கச் சொன்னதும் நீ என்ன சொன்னேன்னு நினைவிருக்கா? எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கல. 'ஏண்டா, ஒவ்வொருத்தனா வீடு வீடாப் போய் வெத்தலை பாக்கு வச்சா கூப்பிடுவாங்க? என் விடுதியில ஒரு பஸ் நிறைய முப்பத்துநாலு பேர் வந்து எறங்குறாங்க. முட்டைக்காரங்க ஜன்னலோரம், கிப்பர் மீன்காரங்க கதவோரம், கஞ்சிக்காரங்க நடுவுல, டீ மட்டும் போதும்கிறவங்க அடுப்படிப் பக்கம். நாலே வார்த்தை. அப்புறம் நான் மீன்னு சொன்னா மீன்காரங்கதான் எழுந்திரிக்கணும், வேற ஒருத்தன் அசையக் கூடாது'ன்னு சொல்லிட்டு, என் தட்டுலேருந்து பிஸ்கட்டையும் எடுத்துக்கிட்டுப் போனே. அக்கா, கண்ட்ரோலர்ல வலது பக்கம் நாலு பொத்தான் இருக்கு. நீ ரயிலேறின மறுநாளே பீரங்கிக்காரங்களுக்கு ஒண்ணு, துப்பாக்கிக்காரங்களுக்கு ஒண்ணு, டாங்கிக்கு ஒண்ணு, வேலையாட்களுக்கு ஒண்ணுன்னு போட்டோம். அம்புக்குறி தேட வேண்டிய வேலையே ஒழிஞ்சுது. 'அட, யார் யோசனை இது?'ன்னு நெவில் கேட்டான். என்னுதுன்னு சொல்லிட்டேன். ஆறு மாசமா அது நெஞ்சை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, இப்ப எழுதிட்டேன், மன்னிச்சுக்கோ.

அதோட விட்டுச்சான்னா இல்லை. அடுத்தது பாலம். டிவி பெட்டிக்குக் கொஞ்சூண்டு மூளைதான். அறுபது சிப்பாய்க்கும் தனித்தனியா வழி யோசிக்கச் சொன்னா, பாலத்துகிட்ட எல்லாரும் முட்டிக்கிட்டு, படம் அப்படியே உறைஞ்சு போகுது. நெவில் ரெண்டு வாரம் மோட்டுவளையைப் பார்த்துட்டு ஒரு வழி கண்டுபிடிச்சான்: முன்னால போறவன் மட்டும் வழி யோசிக்கட்டும், மத்தவன் தனக்கு முன்னால நிக்கிறவன் முதுகைப் பார்த்துப் போகட்டும். அவ்வளவுதான், படை க்யூவுல நின்னுச்சு! என்ன அழகு தெரியுமா, நடுவுல ஒரு கை இடைவெளி விட்டு, தள்ளுமுள்ளு இல்லாம. ஆனா எதிரிப் படைக்கும் அதே மூளைதானே? அவங்களும் பாலத்தோட அந்தப் பக்கம் வந்து வரிசையில நின்னாங்க. இவங்க, 'நீங்க போங்க'ன்னு அவங்களுக்கு வழி விடுறாங்க. அவங்க, 'இல்லை இல்லை, நீங்க போங்க'ன்னு இவங்களுக்கு விடுறாங்க. ரெண்டு படையும் மழையில நின்னுச்சு. அக்கா, சத்தியமா சொல்றேன், மூணு வாரம் நாங்க மூணு பேரும் அதைப் பார்த்துக்கிட்டு இருந்தோம், ஒருத்தருக்கும் அதுல ஏதும் தப்பாத் தெரியல. ஆகஸ்ட்ல பிலிப்பா வந்து, டீ குடிச்சுக்கிட்டே முழுசாப் பார்த்துட்டு, 'அந்தக் கடைசி டாங்கி இடையில புகுந்துடுச்சு, அது தப்பு, திருத்துங்க'ன்னு மட்டும் சொன்னாங்க. திருத்தினோம். அப்புறம் அது அமெரிக்காவுல இருக்கிற அவங்க தலைமை ஆபீசுக்குப் போச்சு. அங்கேருந்து ஒருத்தர் போன் பண்ணி, 'உங்க போர்ல ஏன் யாருமே சண்டை போடல?'ன்னு கேட்டார். 'பாலம் காலியாகட்டும்னு நிக்கிறாங்க சார்'ன்னா மோரீன். 'யாரு காலி பண்ணணும்?'னு அவர் கேட்டதும்தான் எங்க மூணு பேருக்கும் உறைச்சுது. பாலத்துக்கு யாரு முதல்ல வந்தாங்களோ அவங்க முதல்ல போகலாம், எதிராளி அதை மீறினா அடிக்கலாம்னு ஒரு விதி போட்டு ஒப்பேத்தினோம்.

வியாழக்கிழமை கடைசிப் பரீட்சை. விளையாட்டையே தொட்டுப் பார்க்காத ஒரு ஆள், சோபாவுல உக்காந்து, இருபது நிமிஷத்துல முதல் சண்டையை ஜெயிக்கணும். இல்லேன்னா மூணாவது 'வேண்டாம்', எனக்கு உன் ஏப்ரன். ஹோய்லோட மச்சினியைச் சொல்லி வச்சிருந்தோம். அன்னைக்குப் பார்த்து அந்தம்மாவுக்குப் பல் வீங்கிடுச்சு. பிலிப்பா, 'அதனாலென்ன, நானே ஆள் பிடிக்கிறேன்'னு கீழே இறங்கி, வாசல்ல பஸ்ஸுக்கு நின்ன க்யூவுலேருந்து சக்டன்கிற ஒரு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. வந்தவங்க உக்காரவே இல்லை. 'வரிசையில மூணாவது ஆள் நான். என் இடம் போயிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது?' நியாயமான கேள்வி. அவங்க பையைக் கொடுத்து நெவிலைக் கீழே நிக்க வச்சோம். பை நிறைய லீக்ஸ் வெங்காயத்தாளும் ஒரு காட் மீனும். அப்புறம்தான் உக்காந்தாங்க. 'எதுக்கு கண்ணு இவங்க அடிச்சுக்கிறாங்க?'ன்னு கேட்டாங்க. பத்து மாசமா எங்களுக்கே தெரியாத விஷயம். மோரீன் சட்டுனு, 'நிலக்கரிக்குங்க'ன்னா. 'அப்ப சரி'ன்னுட்டு ஆரம்பிச்சாங்க. நாலு பொத்தானை ரெண்டே நிமிஷத்துல பிடிச்சுக்கிட்டாங்க. 'பீரங்கிக்காரங்களே வாங்க, டாங்கிப் பசங்களா நீங்க அப்புறம்!' பாலத்துல அவங்க படை வரிசையில நின்னதும் தலையை ஆட்டி மெச்சிக்கிட்டாங்க. அந்த நேரம் எதிரி ஒருத்தன் முறை தவறி எதிர்ப்பக்கத்துலேருந்து ஏறிட்டான். அடேயப்பா! 'ஏய்! இங்க நிக்கிறவங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா உனக்கு?'ன்னு ஒரு சத்தம் போட்டு, நாலு பொத்தானையும் அமுக்கி, பாலம் தாண்டி எதிரி பாசறையைத் தரைமட்டம் பண்ணிட்டுத்தான் ஓய்ந்தாங்க. பதினேழு நிமிஷம்! மோரீன் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நானும் அழுதேன், வெட்கமில்லாமச் சொல்றேன்.

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா நெவிலைக் காணோம். பஸ் வந்திருக்கு, முறை வந்திருக்கு, பின்னால இருந்தவங்க காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. க்யூவுல நின்னுட்டு ஏறாம இருக்கிறது அவனுக்கு மனசு வரல, ஏறிட்டான். மீனோட பக்கத்து ஊரு பிரிக்ஹவுஸ் வரைக்கும் போயி அங்கேருந்து போன் பண்ணினான். பிலிப்பா சோபாவுலயே சம்மதக் காகிதத்தை வச்சுக் கையெழுத்துப் போட்டாங்க. மோட்டிலேருந்து ஒரு சொட்டு கையெழுத்து மேல விழுந்துச்சு, மோரீன் வாளியை நகர்த்தி வச்சா. சக்டன் அம்மாவை பிலிப்பாவே கார்ல கொண்டுபோய் அவங்க மீன்கிட்ட சேர்த்தாங்க.

ஆக அக்கா, ஜெயிச்சாச்சு. நான் வரல. இந்த அறை ஒழுகுது, குளிருது, சோபாவுல ஒரு ஸ்பிரிங் குத்துது, ஆனா எனக்கு இதைவிட நிம்மதியான இடம் உலகத்துல இல்லை. பரண் அறையை யாராவது நல்ல விருந்தாளிக்குக் கொடுத்துடு. ஏப்ரனை அத்தான் கட்டிக்கட்டும், அவருக்கு எடுப்பா இருக்கும்.

தங்களுக்கும் அத்தானுக்கும் கடற்கரைக் காற்று ஒத்துக்கொண்டு, விடுதியில் ஓர் அறையும் காலியில்லாமல் நிறைந்து, முழங்கால் நலமாக இருக்க வேண்டுகிறேன். பறவைகளுக்கும் என் விசாரிப்பு.

பணிவன்புள்ள தம்பி,
டெஸ்மண்ட் ஆக்ராய்டு

பின்குறிப்பு: உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி எழுதுறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மோட்டுவளை மொத்தமா சோபா மேல விழுந்துடுச்சு. அந்த நேரம் நாங்க மூணு பேரும் கீழே டீ வாங்க வரிசையில நின்னதால உயிரோட இருக்கோம். கம்ப்யூட்டரெல்லாம் ஓரத்துல இருந்ததால தப்பிச்சுது. வசந்தகாலம் வரைக்கும் கூரை வேலை நடக்குமாம், ஹோய்ல் கையை விரிச்சுட்டார். அதே நேரம் பிலிப்பா போன் பண்ணி, ரெண்டாம் பாகமும் நீங்களே பண்ணுங்க, எங்கே உக்காந்து பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மோரீன் விட்பி விலாசத்தைச் சொல்லிட்டா. குளிர்காலத்துல உன் விடுதி காலியாத்தானே கிடக்கும்? சனிக்கிழமை மூணு பேரும் வர்றோம், மூணு அறை வேணும், சோபாவும் ஒண்ணு வேணும். நாலு பொத்தான் யாரோட யோசனைன்னு நெவில்கிட்டயும் மோரீன்கிட்டயும் சொல்லிட்டேன். உன்னை நேர்ல பார்க்கணும்னு ரெண்டும் துடிக்குது. ஏப்ரனை மட்டும் ஆணியிலேருந்து எடுத்துடாதே அக்கா. முட்டை நான் பொரிக்கிறேன்.