முயல் கிராணியின் அங்கோரா

மலேசியாவின் ஈப்போ வெயிலில் உட்கார்ந்து முயல் ரோமத்தில் ஸ்வெட்டர் பின்னிய ஆண்பிள்ளை இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸில் கிராணியாக, அதாவது கணக்குக் குமாஸ்தாவாக, இருந்தார். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் தெரு தபால்காரருக்கே தெரியாது. முயல் கிராணி என்று கேட்டால் ரயில்வே ஸ்டேஷனிலிருந்தே வழி சொல்வார்கள்.

எழுபதுகளின் கடைசியில், ரப்பர் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். காம்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள் நான். வேலை, கம்ப்யூட்டருக்காக அட்டைகளில் ஓட்டை போடுவது. அந்த மெஷினுக்கு வெயில் ஆகாதாம். அதற்காக அந்த அறைக்கு மட்டும் ஏர்கோன். வெளியே மண்டை பிளக்கும். உள்ளே நாங்கள் நாலு பெண்கள் பற்கள் தந்தியடிக்க உட்கார்ந்திருப்போம். மெஷினுக்கு இருந்த மரியாதை எங்களுக்கு இல்லை.

எங்களைப் பார்த்து இரக்கப்பட்ட ஒரே ஜீவன் கிராணிதான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கல்யாணம் ஆகாதவர், நல்ல பருத்த சரீரம். லண்டனிலிருந்த தம்பி அவருக்கு அங்கோரா என்ற முயல்ரோம நூலாக அனுப்பிக்கொண்டிருந்தார். அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஆபீஸ் ஐஸ்பெட்டியில் மேனேஜருடைய ஆரஞ்சு ஜூஸுக்குப் பக்கத்தில் வைப்பார். குளிர்ந்தால் முடி அடங்கும், பின்னும்போது மூக்கில் ஏறாது என்பது அவர் சித்தாந்தம். அப்படியும் ஏறியது. ஒரு வரி பின்னுவார், பிறகு ஆபீஸ் அதிரத் தும்முவார்.

ஆளுக்கொரு ஸ்வெட்டர் கிடைத்தது. எனக்கு ரோஸ் நிறம். தளர்வாகத்தான் பின்னுவார், இடைவெளியை முடியே நிரப்பிக்கொள்ளும் என்பார். கையில் எடுத்தால் கனமே இருக்காது, போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு கணகணவென்று ஆகிவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் எங்களில் ஒருத்தியான சரஸ் அதைத் தொட மறுத்தாள். விரத நாளில் முயலைப் போடலாமா என்பது அவள் கவலை. கிராணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிள்ளை, முயலைக் கொல்லேல்லை. சீவி எடுத்தது. நீர் தலை சீவுறீர், செத்தோ போறீர்?"

சரஸ் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அங்கோராவின் கெட்ட குணம், உதிர்வது. மேசையில், அட்டையில், மத்தியானம் சாப்பிடும் மீகூன் நூடுல்ஸ் தட்டில் என்று எங்கும் முயல். கடைசியில் மெஷினுக்குள்ளும் போய், சம்பளத்துக்கு முதல் நாள் அதைப் படுக்க வைத்துவிட்டது.

கோலாலம்பூரிலிருந்து வந்த மெக்கானிக், மெஷினின் வயிற்றிலிருந்து கொத்தாக முடியை எடுத்து மேனேஜர் கையில் வைத்தார். பெரும்பாலும் ரோஸ். யார் துணியிலிருந்து விழுந்ததோ அவள் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் கத்தியது நடைகூடம் வரை கேட்டது. தோட்டத்தில் என் வீடே அந்தச் சம்பளத்தை நம்பியிருந்தது.

"அக்கா, கழட்டி ஒளிச்சிரலாம்லா," என்றாள் சரஸ்.

ஒளிக்க நேரமில்லை. கிராணி வந்து நாலு ஸ்வெட்டரையும் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போனார்.

மேனேஜர் எங்களை நடைகூடத்தில் நிறுத்தி விசாரணையை ஆரம்பித்தார். அப்போது கிராணி வெளியே வந்தார். நாலு ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே என் ரோஸ். பட்டப்பகல், ஏர்கோன் இல்லாத நடைகூடம். அவர் முகம் பழுத்த ரம்புத்தான் பழம் போலச் சிவந்திருந்தது.

"சேர், இதெல்லாம் என்ர உடுப்பு. எனக்குக் குளிர் தாங்காது," என்றார். தாடையிலிருந்து வேர்வை சொட்டியது.

"நாலுமா?"

"நாலும்."

மேனேஜர் நம்பவில்லை. ஆனால் அத்தனை தோட்டத்துக் கணக்கும் கிராணியின் தலையில் இருந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பினால் யாருக்கும் சம்பளம் போகாது. செத்துத் தொலைவதற்குள் கழற்றுங்கள் என்று கத்தினார். இனிமேல் கிராணி மெஷின் அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, நாங்கள் மேலே பருத்திக் கோட்டு மாட்டவேண்டும் என்பதோடு விஷயம் முடிந்தது.

அவரை உட்காரவைத்து அட்டைகளால் விசிறினோம். இனிப்புச் சிராப் கலந்த தண்ணீர் கொடுத்தோம். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

"அழாதேயும், பிள்ளை. உதிரும் எண்டு தெரிஞ்சும் பின்னினது நான்தானே," என்றார்.

அங்கோராவை இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வரும். போன வழியே திரும்பாது. அந்தச் சரீரத்தின் மேல் ஏறி இறங்கிய என் ரோஸ் ஸ்வெட்டர் அதற்குப் பிறகு முழங்கால் வரை தொங்கியது, மற்ற மூன்றும் தொளதொளத்துப் போயின. அவிழ்த்து அளவாகப் பின்னித் தருகிறேன் என்று அவர் எத்தனையோ தடவை கேட்டார். நாங்கள் நாலு பேரும் கோட்டுக்கு அடியில் அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தோம். அவர் கையில் திருப்பிக் கொடுக்க ஒருத்திக்கும் மனம் வரவில்லை.