வண்டி பார்க்கத் துணைக்குப் போகிறவர்

பழைய வண்டி வாங்குகிறவர்களில் பல ரகம் உண்டு. அவர்கள் பாவம், விட்டுவிடுவோம். நான் இங்கே உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புவது, அவர்களோடு துணைக்குப் போகிறவரை. இவரிடம் வண்டி கிடையாது. ஓட்டவும் தெரியாது. போளூர் பஸ் நிலையத்தில் பத்து வருஷம் நின்று பஸ் ஏறிய அனுபவம் மட்டும் உண்டு. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் யார் எந்த வண்டியை வாங்கினாலும், இவர் வந்து ஒரு பார்வை பார்க்காமல் பேரம் படியாது. இந்தப் பதவியை இவருக்கு யார் கொடுத்தார்கள்? விசாரித்துப் பார்த்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

இவரை அடையாளம் காண்பது சுலபம். வண்டியை நெருங்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு சுற்று சுற்றுவார். டயரை ஓர் உதை உதைப்பார் (ஏன் என்று டயருக்கும் தெரியாது). கதவைத் திறந்து சாத்துவார், சாத்தித் திறப்பார். ஆயில் அளக்கும் கம்பியை உருவி மோந்து பார்ப்பார். மோந்ததும் கண்ணை மூடுவார். கண்ணைத் திறந்ததும் "ம்" என்பார். அந்த "ம்" காதில் விழுந்ததும் வாங்குகிறவர் பணப்பையை மடிக்குள் செருகிக்கொள்வார். விற்கிறவர் உடனே டீ சொல்லுவார். டீ வந்துவிட்டால் வண்டிக்குப் பாதிக் குறை தீர்ந்த மாதிரிதான்.

எங்கள் ராஜாக்கண்ணு இந்த இனத்தில் முதல் தரம். எண்பத்தொன்றாம் வருஷம், ஜவ்வாது மலையில் செடி கொடிகளை ஆராய வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, தங்கள் நாட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்த பழைய வேனை இங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறிப் போனார்கள். சும்மா வேன் இல்லை: உள்ளே மடக்குக் கட்டில், அடுப்பு, அலமாரி, கை கழுவத் தொட்டி. குடித்தனமே நடத்தலாம். அது மலைமேல் இருக்கும் வேடியப்பன் கைக்கு வந்து, அவர் அதை விற்கப் போகிறார் என்று தெரிந்ததும், அடிவாரத்தில் அத்திமூர் தங்கவேலுவுக்கும் அவர் மனைவி சம்பூர்ணத்துக்கும் தூக்கம் போயிற்று. திட்டம் நல்ல திட்டம்தான். சந்தை நாளில் மாவோடு மலையேறி, ஜமுனாமரத்தூரில் வேனுக்குள்ளேயே இட்லி அவித்து விற்பது. திரும்பும்போது சாமையும் புளியும் ஏற்றி வருவது. அதற்காக உழவு மாடு ஒரு ஜோடியை விற்றுவிட்டார்கள். இனி அந்த வேன்தான் அவர்களுக்குச் சோறு போட வேண்டும்.

ராஜாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராகப் பஸ் பிடித்து மலையேறினார்கள். வேன் சரியாக இறக்கம் தொடங்குகிற இடத்தில், மூஞ்சியைக் கீழ்ப்பக்கம் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. ஏன் அங்கே? கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. அவர் முன்பக்கம் குனிந்து என்ஜினைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ஜின் பின்னால கீதுங்க" என்றார் வேடியப்பன்.

"தெரியும், தெரியும். முன்னால இன்னா கீதுன்னு பார்த்தேன்."

பிறகு ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்து, அந்தக் குறைக்காக விலையில் இருநூறு ரூபாய் தள்ளச் சொன்னார். குழாயைத் திருகினார். கட்டிலில் படுத்துப் பார்த்தார், கால் மணி நேரம். அவர் எழுந்து வந்ததும் சம்பூர்ணம் கேட்டாள்: "ண்ணா, மேடு ஏறுமா? மாவு, பாத்திரம், நாங்க ரெண்டு பேரு..."

"இன்னாமா கேள்வி இது? எறங்கற வண்டி ஏறாதா?"

அங்கே கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். கேட்டவள் அவள் ஒருத்திதான். அதைச் சிரித்தே தள்ளிவிட்டார் மனுஷன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்தது ஓட்டிப் பார்க்கும் படலம். வேடியப்பன் சாவியைத் திருகினார். என்ஜின் இருமியது, அரை நிமிஷம் நடுங்கியது. உடனே அணைத்துவிட்டார்.

"பெட்ரோல் விக்கிற வெலையில எறக்கத்துக்கு என்ஜின் எதுக்குங்க?"

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் மலையில் புளி லாரிக்காரர் முதல் டாக்சிக்காரர் வரை, இறக்கத்தில் என்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அதற்குப் பெயர் சிக்கனம். கல்லை எடுத்தார்கள். வேன் வளைவுக்கு வளைவு வழுக்கிக்கொண்டு இறங்கியது. ராஜாக்கண்ணு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தியா தங்கவேலு, ஒரு சத்தம் கீதா? பொகை வருதா? வெள்ளக்காரன் வண்டின்னா சும்மாவா!"

அணைந்து கிடந்த என்ஜினின் அமைதியை இவ்வளவு மனதாரப் பாராட்டியவர் உலகத்தில் வேறு யாராவது உண்டா? அத்திமூரில் வேன் தானாகவே நின்றது. நின்ற இடத்திலேயே பணம் கைமாறியது. வேடியப்பன் அடுத்த பஸ்ஸில் மலையேறிவிட்டார்.

சந்தை நாளன்று, டிராக்டர் ஓட்டிப் பழகிய தங்கவேலு மாவோடும் மனைவியோடும் கிளம்பினார். முதல் மேட்டில் வேனுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில் நின்றது. நின்றதோடு விடாமல் பின்பக்கமாகவே நகரத் தொடங்கியது. தங்கவேலு பிரேக்கை மிதித்து மிதித்து, பின்னோக்கியே அத்திமூர் வந்து சேர்ந்தார். மாவு முழுக்கக் கட்டில்மேல் கொட்டிக் கிடந்தது. மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, என்ஜினில் இழுவையே இல்லை, சமதரையில் காலியாக ஓடினாலே பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி கேட்டு ராஜாக்கண்ணு வந்தார்.

"எனக்கு அன்னிக்கே ஒரு சந்தேகந்தான் தங்கவேலு. நீ ஆசப்பட்டியேன்னு சொல்லல."

தங்கவேலு தலையைக் குனிந்துகொண்டார். மாவு அப்பிய முந்தானையோடு நின்ற சம்பூர்ணம்தான் பேசினாள்.

"நான் வாய் தொறந்து கேட்டனேண்ணா. தெரியாதும்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்க மாடு எங்க வூட்டுல கட்டியிருக்கும்."

ராஜாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருக்கு நேரமில்லை. செங்கத்தில் யாரோ பழைய ஜீப் வாங்குகிறார்களாம், ஆள் அனுப்பியிருந்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். "மேட்டில் அல்லவா ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், எனக்கு அப்போதே தெரியும்" என்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பிஸ்டன், வால்வு என்று விளக்கவும் ஆரம்பித்துவிட்டீர்கள். சரி, இதுவரை எத்தனை வண்டி வாங்கியிருக்கிறீர்கள்? ஒன்றுகூட இல்லையா? ஓட்டவும் தெரியாதா? ரொம்ப நல்லது. அமிர்திப் பக்கம் ஒரு குடும்பம் தோட்டத்தை விற்றுப் பழைய லாரி வாங்கப் போகிறது. பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.