கொதிமுனியை ஓட்டிய சாமியார்

திருத்தணி மலைமேல் முருகனுக்குக் கூட்டம் கூடுவது புதிதல்ல. புதிதாகக் கூட்டம் சேர்ந்தது மலைக்குக் கீழே, கே.ஜி.கண்டிகை போகும் சாலையோரத்தில். அங்கே வரிசையில் நின்றவை லாரிகள். செவ்வாயும் வெள்ளியும் காலையிலேயே வரிசை டீக்கடையைத் தாண்டிவிடும். ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் வண்டிகள் வந்தன. எல்லா வண்டிக்கும் ஒரே வியாதி: மேடு ஏறினால் இன்ஜின் கொதிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியர், பெருமாள் சாமியார்.

சாமியார் கண்டுபிடித்த உண்மை இதுதான். வண்டி சுடுகாட்டு வழியாகப் போகும்போது கொதிமுனி என்றொரு முனி தொற்றிக்கொள்கிறது. அதற்குத் தாகம் அதிகம். ஆகவே தண்ணீர் இருக்கும் ரேடியேட்டரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது மூச்சு விட்டால் ஆவி, கோபப்பட்டால் கொதி. முனிகள் புளியமரத்தில் குடியிருப்பதாகத்தான் இதுவரை கேள்வி. சாலையை அகலப்படுத்த மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். பாவம், அவையும் எங்கேதான் போகும்?

பூஜை எளிமையானது. பானெட்டைத் திறந்து மஞ்சள் துணி போர்த்துவார்கள். சாமியார் வெளியே நின்று மணியடிப்பார். அரசு என்கிற நாற்பது வயதுச் சிஷ்யர் எலுமிச்சம்பழத்தோடு துணிக்குள் தலையை விடுவார். உள்ளே முனியோடு சண்டை நடக்கும். அதை யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். சற்று நேரத்தில் அரசு கறுத்துப்போன பழத்தோடு வெளியே வருவார்.

"முனி ரத்தம்!" என்பார் சாமியார்.

இன்ஜினில் யார் கையை விட்டாலும் அந்த ரத்தம்தான் ஒட்டும். அங்கே நின்ற டிரைவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். இருந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிறகுதான் அற்புதம். வண்டியை ஸ்டார்ட் செய்வார்கள். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி ஒன்று உண்டு. வரும்போது சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த அந்த ஊசி, இப்போது அடியில் படுத்துக் கிடக்கும். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் எழுந்திருக்காது. "அரோகரா!" என்று கூட்டம் கத்தும். காணிக்கைத் தட்டு சுற்றி வரும். யாரோ இதை செல்போனில் படம் பிடித்துப் போட்டார். ஆர்.கே.பேட்டையில் லாரியே இல்லாதவர்கள்கூட அதைப் பார்த்து மெய்சிலிர்த்தார்கள்.

திருவாலங்காட்டு ஆனந்தனுக்கு லாரி இருந்தது. நிலத்தில் பாதியை விற்று வாங்கிய பழைய லாரி. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுவதுதான் அதற்கும் அவருக்கும் வேலை. அந்த இன்ஜின் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். கொஞ்ச நாளாக வண்டி மேட்டைக் கண்டாலே கொதித்தது. மெக்கானிக் சந்திரமோகனிடம் காட்டினார்.

"கரும்புச் சோகைத் தூசி ரேடியேட்டர் சந்துல எல்லாம் அடைச்சிகினு கீது. காத்து எப்டி போவும்? கழட்டிக் கழுவினா சரியாப் பூடும்" என்றார் சந்திரமோகன்.

ஆனந்தனுக்குப் பெரிய ஏமாற்றம். இவ்வளவு பெரிய கஷ்டத்துக்கு இத்துனூண்டு காரணமா? சந்திரமோகன்மேல் இருந்த மரியாதையே போய்விட்டது. வெள்ளிக்கிழமை கரும்பு லோடோடு சாமியாரிடம் கிளம்பினார். மனைவி புஷ்பலதாவும் கூட ஏறிக்கொண்டார்.

வரிசையில் காத்திருந்தபோது, கூடையில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டு சுப்பன் வந்தார். போன மாதம் வரை சுப்பனும் லாரி முதலாளி. சாமியார் முனியை ஓட்டிக்கொடுத்த சில நாளில் இன்ஜின் வெந்து இறுகிப்போனது. இப்போது அதே சாமியார் வாசலில் பழ வியாபாரம்.

"இன்னா சுப்பண்ணா, இங்கயேவா?" என்றார் புஷ்பலதா.

"இன்னாம்மா பண்றது. சாமி மேல தப்பில்ல. வெள்ளிக்கெழமையில நான்தான் கறி துன்னுட்டேன். முனி திரும்பிடுச்சு."

"சூடு ஏறினது உனக்குத் தெரியலையா?"

"எங்க தெரிஞ்சுது? பொகை வந்து வண்டி நின்னப்பகூட ஊசி ஜில்லுனு படுத்துகினு இருந்துச்சு. அதாம்மா சாமியோட சக்தி!"

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை. புஷ்பலதாவுக்கு அது பெருமையாகப் படவில்லை. இன்ஜின் வெந்திருக்கிறது, ஊசி மட்டும் குளிர்ந்தே இருந்திருக்கிறது. அப்படியென்றால் சாமியார் எதை ஓட்டினார்?

அவர்கள் முறை வந்தது. மணி அடித்தது, சண்டை நடந்தது, பழம் கறுத்தது. ஆனந்தன் சாவியைத் திருப்பினார். ஊசி அடியில் படுத்துக் கிடந்தது. அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"புஷ்பா, பாத்தியா!"

"பாத்தேன் பாவா. ஆஃப் பண்ணாத, கொஞ்சம் ஓடட்டும்."

லோடு வண்டி கால் மணி நேரம் உறுமிக்கொண்டே நின்றது. ஊசி அசையவில்லை. புஷ்பலதா கீழே இறங்கி, கையில் ஒரு சொம்போடு சாமியார் முன்னால் பணிவாக நின்றார்.

"சாமி, ரேடியேட்டர் தண்ணி இப்போ ஜில்லுனுதான கீது?"

"ஆங். கங்கை மாதிரி."

"முனி இருந்த எடத்துல இப்போ உங்க சக்தி கீது. உங்க கையாலயே மூடியத் தெறந்து, இந்தச் சொம்புல தீர்த்தம் குடுங்க சாமி."

கூட்டத்துக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. "ஆங், தீர்த்தம்! எனக்கும்!" பாட்டில்கள் நீண்டன. ஒருவர் கேன் எடுக்க ஓடினார்.

சாமியார் மஞ்சள் துணியைக் கொஞ்சம் விலக்கி ரேடியேட்டர் மூடியைப் பார்த்தார். அதன் ஓரத்தில் ஆவி சீறியது.

"மூடியத் தொடக் கூடாதும்மா. முனி திரும்பிடும்."

"இப்பதான பூட்டான்னு சொன்னீங்க?"

"அரசு, நீ தெறடா."

அரசு பின்னால் நகர்ந்தார். "போ சாமி! மூஞ்சி வெந்துடும்!"

டீக்கடைப் பக்கமிருந்து ஒரு டிரைவர் கேட்டார்: "ஜில்லுனு கீற தண்ணியில மூஞ்சி எப்பட்றா வேகும்?"

புஷ்பலதா மஞ்சள் துணியை இழுத்துப் போட்டார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் கண் போகவில்லை. இன்ஜின் ஓரத்தில் சின்ன ஒயர் ஒன்று பிடுங்கப்பட்டுத் தொங்கியது.

"இது இன்னா?" என்று அரசைக் கேட்டார்.

அரசு சாமியாரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தன்னைப் பார்த்த விதத்தையும் பார்த்தார். குனிந்து ஒயரை எடுத்து அது இருக்கவேண்டிய இடத்தில் மாட்டினார்.

"ஐயோ, ஊசி ஏறுது! செவப்புக்குப் பூட்ச்சு!" என்று உள்ளேயிருந்து கத்திய ஆனந்தன் இன்ஜினை அணைத்தார்.

ரகசியம் அவ்வளவுதான். இன்ஜின் சூட்டை ஊசிக்குச் சொல்லும் ஒயரைப் பிடுங்கிவிட்டால் ஊசி படுத்துவிடும். இன்ஜின் பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு ஜுரம் போயிற்று என்று சொல்வதைப் போன்ற வைத்தியம். இதற்குத்தான் இரண்டு மாநிலத்து லாரிகள் வரிசையில் நின்றன. நழுவப் பார்த்த சாமியாரை டிரைவர்கள் பிடித்து டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். போலீஸ் வரும்வரை அவர் கங்கையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

சுப்பன் மட்டும் பானெட் அருகிலேயே நின்று அந்த ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ, நான் துன்ன கறி?" என்று கேட்டார்.

"அது உன் வயித்துக்குத்தான் போச்சுண்ணா. இன்ஜினுக்குப் போவல" என்றார் புஷ்பலதா.

சுப்பன் கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். லாரி போன அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. பாவம் செய்ததால் போயிற்று என்றபோது ஒரு ஆறுதல் இருந்தது. வீணாகப் போயிற்று என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஆனந்தன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் ரேடியேட்டரைக் கழுவிய சந்திரமோகன் ஒரு கூடைத் தூசியை வெளியே கொட்டினார். அதில் முனி எதுவும் இல்லை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த வரிசையில் இருபது வருஷம் வண்டி ஓட்டியவர்கள் இருந்தார்கள். குளிர்ந்துவிட்டது என்று சாமியார் சொன்ன மூடியை அவர்களில் ஒருவர்கூடத் தொட்டதில்லை. சுடும் என்று கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கை அவ்வளவு தெளிவாக இருக்கும்போது, தலையை மட்டும் ஏன் ஐயா சாமியாரிடம் கொடுத்தீர்கள்?