மணைக்குத் தெரிந்த ஆதி தாளம்

மயிலாப்பூர்,
15-10-1997

சிரஞ்சீவி ஸ்ரீகிருஷ்ணாவுக்கு, உன் அத்திம்பேர் ஸ்ரீரங்கன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு யாவரும் க்ஷேமம் என்று ஆரம்பிக்கத்தான் பார்க்கிறேன். உன் அக்கா விசாலாக்ஷி க்ஷேமம், அடையாறில் ஒரே ஒரு பொம்மை தவிர மற்றெல்லாம் க்ஷேமம், நான் மட்டும் க்ஷேமமாக இல்லை. பூனாவில் நீயாவது நிம்மதியாக இரு.

விஷயம் உன் சின்ன அக்கா புருஷன், என் ஷட்டகன் குருபிரசாத்தைப் பற்றியது. உன் அப்பா பேரில் மார்கழியில் நடக்கும் குழந்தைகள் பாட்டுப் போட்டிக்கு வருஷா வருஷம் நான்தானே நடுவர்? இந்த வருஷம் அந்த நாற்காலியைக் குருபிரசாத்துக்குக் கொடுத்தால் என்ன என்று சபா காரியதரிசி கனகராஜ் யோசிக்கிறாராம். கடைசி வார்த்தை பிள்ளையான உன்னுடையது என்பதால் ஒன்று விடாமல் எழுதுகிறேன். குருபிரசாத்துக்கும் சங்கீதத்துக்கும் என்னப்பா சம்பந்தம்? தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் கேன்டீன் பக்கம் கிளம்புகிற முதல் செருப்பு அவனுடையது.

எல்லாம் அவன் பெண் சாருலதா செய்த வேலை. அகமதாபாதில் டிசைன் படிக்கிறாளே, லீவுக்கு வந்தவள், அடையாறு வீட்டுக் கொலுவுக்கு முன்னால் ஒரு பலா மணையைப் போட்டாள். பார்த்தால் சாதா மணை. அடியில் வில்லை வில்லையாக என்னத்தையோ ஒட்டி, வயர் இழுத்து, கொலுப்படிக்குப் பின்னால் ஒளித்து வைத்த கம்ப்யூட்டரில் சொருகியிருக்கிறாள். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. மணையில் ஆதி தாளம் போட்டால் தம்புரா கேட்கும், விளக்கெல்லாம் எரியும். சும்மா ரெண்டு தட்டு தட்டினால் அணைந்துவிடும். "டைப் அடிக்கத் தெரியாதவாளுக்கும் கை இருக்கே பெரியப்பா! இந்த ஊர்ல எந்தக் கை சும்மா இருக்கு?" என்றாள். பெண் கெட்டிக்காரி, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம்மாத்துலயும் கம்ப்யூட்டர் இருக்கே! ரெண்டு வருஷமா இருக்கு. கலர் மானிட்டர். கீபோர்டுக்கு உன் அக்கா எம்ப்ராய்டரி போட்டு உறை தைத்திருக்கிறாள். அதைப் பார்க்க ஒரு ஈ காக்கா எட்டிப் பார்த்ததுண்டா? ஒரு மணைக்கட்டையைப் பார்க்க மயிலாப்பூரே பஸ் ஏறி அடையாறு போகிறது. வயிறு எரியறது கிருஷ்ணா, உன்னிடம் மறைப்பானேன்.

நவராத்திரியில் நானும் போனேன். ஹால் நிறைய ஜனம். குருபிரசாத் தட்டினான், தம்புரா கேட்டது. பக்கத்து வீட்டு நோரா டீச்சர், "எனக்குத் தாளமெல்லாம் தெரியாது சார், அவர் கையைப் பார்த்து அப்படியே தட்டறேன்" என்று தட்டினாள், அவளுக்கும் கேட்டது. "நடுவர் வரார், வழி விடுங்கோ" என்றான் குருபிரசாத், அந்தச் சிரிப்போடு. அங்கவஸ்திரத்தை ஒதுக்கிண்டு உட்கார்ந்து போட்டேன். மணை ஊமை. மறுபடி போட்டேன். ஊமை. "கொஞ்சம் அழுத்திப் போடுங்கோ" என்கிறான், எனக்கு! ஓங்கிப் போட்டேன். கொலுப்படி ஆட்டம் கண்டு, மளிகைக் கடை வைத்திருந்த செட்டியார் பொம்மை தரையில் விழுந்து தலை வேறு முண்டம் வேறானார். தம்புரா மட்டும் கேட்கவில்லை. வழியெல்லாம் உன் அக்கா, "இத்தனை வருஷமா நீங்க மார்க் போட்ட குழந்தைகளை நெனச்சா பாவமா இருக்குன்னா" என்றாள். நான் தாலி கட்டின பெண்டாட்டி!

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் தாளம், பூஜையில் தாளம், ஆட்டோவில் போனால் தொடையில் தாளம். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சார், அரிக்கிதா? டேங்கு தாண்டுனா ஒரு டாக்டர் கீறாரு, அங்க வுட்டுடவா?" என்றான். இனி மானமாவது ஈனமாவது என்று குருபிரசாத்திடமே போய் நின்றேன். அவன் கையைப் பார்த்து, அதே மாதிரி போட்டுப் போட்டுப் பழகினேன். நேற்றுச் சாயங்காலம் மணை வாயைத் திறந்தது! கனகராஜைக் கையோடு அழைத்துப் போய் அவர் காது கேட்கத் திறந்து காட்டினேன். அதோடு விட்டேனா? மணைக்கு முகதாட்சண்யம் கிடையாது, ஆகவே போட்டிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையும் அதில் ஆதி தாளம் போட்டுத் தம்புரா கேட்டால்தான் பாடலாம் என்று சட்டமே கொண்டுவந்து, சபா வாசலில் நோட்டீஸும் ஒட்டியாயிற்று. இனிமேல் என் கையை யாரும் சந்தேகப்பட முடியாது. நாற்காலி அத்திம்பேருக்குத்தான் என்று கனகராஜுக்கு ஒரு எஸ்.டி.டி. போட்டுச் சொல்லிவிடு.

உனக்கும் சௌபாக்கியவதி சீதாவுக்கும் குழந்தை அனன்யாவுக்கும் எங்கள் இருவர் ஆசியும். அனன்யாவுக்கு இப்போதே தாளம் சொல்லிக்கொடு, நாளைக்கு என் மாதிரி மணை முன்னால் முழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது சாருலதா போன் பண்ணினாள். இன்று ஒரு மிருதங்க வித்வான் வந்து தட்டினாராம், அவருக்கும் திறக்கவில்லையாம். குருபிரசாத்தைப் போடச் சொல்லி, கூடவே எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆதி தாளத்துக்கு எட்டுதாம்மா, உங்க மணை ஒன்பது கேக்கறது" என்றாராம். "எனக்குத் தாளம் தெரியாது பெரியப்பா. அப்பாவைப் போடச் சொல்லி, மணைக்கு அதையே பாடம் பண்ணி வெச்சேன். அப்பா ஒரு விரல் கூடுதலா எண்ணறார். நீங்க முதல்ல போட்டதுதான் சரி" என்று அழுகிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் மேஜையிலேயே ஒரு ஆதி தாளம் போட்டேன். ஒன்பது வந்தது. மறுபடி போட்டேன். ஒன்பது. உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு எண்ணியும் இந்தக் கை எட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, நான் நோட்டீஸைக் கிழிக்க ஓடுகிறேன். இந்த வருஷம் நடுவராக நோரா டீச்சரைப் போடு, அந்த ஆட்டோக்காரனை வேண்டுமானாலும் போடு, எனக்குப் பரிபூர்ண சம்மதம். குருபிரசாத்தை மட்டும் போடாதே.