பென்குயின் வாகனச் சித்தரும் பீங்கான் யந்திரமும்

2008-இல் விருத்தாசலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை. எப்போது வரும் என்பதுதான் கேள்வி. அதற்கு விடையாக வந்து இறங்கினார் மின்னொளிச் சித்தர். காற்றிலிருந்தே கரண்ட் இழுப்பாராம்! பெண்ணாடத்துக்காரர்கள் டிராக்டரிலும் திட்டக்குடிக்காரர்கள் பஸ்ஸிலும் வந்து கல்யாண மண்டபத்தை அடைத்துக்கொண்டார்கள். சித்தரின் மைக்குக்கு வாசலில் ஜெனரேட்டர் ஓடியது. அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேடையில் ஒரு லேப்டாப். திரையில் பென்குயின் படம். அது சித்தரின் வாகனமாம். மயிலும் எலியும் பழைய மாடல்.

சித்தர் சார்ஜரை ஜெனரேட்டர் பிளக்கிலிருந்து பிடுங்கினார். அதன் பிளக் முனையை, சக்கரம் வரைந்த ஒரு பீங்கான் யந்திரத் தகட்டின் மேல் வைத்து, "ஓம் ஹ்ரீம் ஆம்பியர்!" என்று முழங்கினார். திரையின் மூலையில் இருந்த பிளக் படம் அசையவில்லை. கரண்டில்தான் ஓடுகிறது என்றே காட்டியது. முன்வரிசையில் இருந்த கோதண்டபாணி வாத்தியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் இயற்பியல் பாடம் எடுப்பவர். பாவம், பிள்ளைகள்.

செராமிக் ஷெட்டில் வேலை பார்க்கும் தங்கம்மாள், கிரைண்டர் வாங்கி மாவு விற்றுவந்தாள். கரண்ட் போய்ப் போய் மாவு பாதி அரைபட்ட நிலையிலேயே புளித்தது. சித்தர் விற்கும் யந்திரத்தை வீட்டில் வைத்தால் கரண்ட் போகவே போகாதாம். அதை வாங்கக் கையில் காசில்லை. அழுதுகொண்டே காதுக் கம்மலின் திருகைக் கழற்றினாள்.

"இருங்கக்கா!" என்று எழுந்தாள் நான்சி. கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துபவள். "சாமி, அந்த லேப்டாப்ப நான் தொட்டுப் பாக்கலாங்களா?"

"அபச்சாரம்! சுத்தமா இருக்கணும்!"

"சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தாங்க வந்தேன்."

கூட்டம் சிரித்தது. சிரிக்கிற கூட்டத்தின் முன் சித்தரால் மறுக்க முடியவில்லை. நான்சி ஒரு கறுப்புத் திரையைத் திறந்து இரண்டு வரி தட்டினாள்.

"வாத்தியாரே, பேட்டரியில எவ்ளோ மிச்சம்னு படிங்க."

"மூவாயிரத்து எண்ணூறு மில்லி ஆம்பியர் அவர்."

இரண்டு நிமிஷம் விட்டு மறுபடி தட்டினாள்.

"மூவாயிரத்து எழுநூத்து அம்பது" என்றார் வாத்தியார். குரலும் இறங்கியிருந்தது.

"காத்துலேர்ந்து கரண்டு வருதுன்னா, பேட்டரி ஏன் எறங்குது?"

"யந்திரம் கூச்சப்படுது" என்றார் சித்தர்.

"யந்திரமும் இல்ல, மந்திரமும் இல்ல. இது லினக்ஸுன்னு ஒரு சாஃப்ட்வேரு, பென்குயின் அதோட சின்னம். சார்ஜர புடுங்குனது இதுக்குத் தெரியல. ஆளு வெளிய போயிட்டாரு, வாட்ச்மேன் தூங்கிட்டான், நோட்டுல மட்டும் 'உள்ள இருக்காரு'ன்னு இருக்குது, அவ்ளோதான். எங்க கிளாஸ்ல ஒரு லேப்டாப்புக்கும் இதே கோளாறு. டிரைவர்ங்கிற சின்ன புரோகிராம எடுத்துட்டு மறுபடி ஏத்துனா முழிச்சுக்குது. நம்பிக்கை இல்லியா? பேட்டரியக் கழட்டுறேன். சாமி ஓட்டட்டும்!"

கழற்றினாள். திரை இருண்டது. வாகனம் முக்தியடைந்தது.

தங்கம்மாள் மேடையேறி யந்திரத்தைப் புரட்டிப் பார்த்தாள். "அடப்பாவி! போன மாசம் நானே பிசிறு தட்டுன பீங்கானு! கரண்டு தாண்டக் கூடாதுன்னுதானேடா ஃபியூஸ் கட்டைக்கு நாங்க பீங்கானே செய்யறோம்! இதுக்கா என் கம்மலு?"

சித்தர் பின்வாசல் வழியே ஓடினார். தங்கம்மாள் கம்மலைத் திருகிக்கொண்டாள். அந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் பீங்கானில் பிழைப்பவர்கள். பெரியவர்களே, கரண்ட் ஏறாமல் இருப்பது பீங்கானுக்கு அழகு. தலைக்கு அல்ல.